மஞ்சள் புடவைக்காரி

டி.வி. மேல் போர்த்தியிருந்த போர்வை நழுவியது. இருதயமேரி அதை மறுபடி இழுத்துவிட்டாள். சாவு வீட்டில் டி.வி. முகம் தெரியக்கூடாது. அதன் பக்கமாகத் தலை வைத்து, ஃப்ரீசர் பெட்டிக்குள் தனசீலன் கிடந்தார்.

"நாலு மணிக்கு ஃபாதர் வந்திருவாரு மா," என்றான் மகன் அஜின். "கடைசி முத்தம் குடுத்துட்டு மூடிரலாம்."

புருஷனுக்கு முத்தம் கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

துக்கத்துக்கு வந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யார் தேவைக்கு மேல் அழுகிறாள்? யார் உள்ளே வராமல் வாசலோடு நிற்கிறாள்? அவள் தேடுகிறவளுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் மஞ்சள் எடுப்பாக இருந்திருக்கும்.

தனசீலன் விடாமல் பார்த்தது ஒரு பழைய இந்திப் படம், மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் எடுத்த காட்சி அதில் உண்டு. கேசட்டில் பார்த்தார், சி.டி.யில் பார்த்தார், டி.வி.டி.யில் பார்த்தார். எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துவார். கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் புடவையில் ஒருத்தி, முகம் கரைந்து தெரிவாள். இவள் சாயாவோடு உள்ளே வந்தால் படம் அணைந்துவிடும். போன வருஷம், கடைகளிலேயே கிடைக்காமல் போன டிஸ்க் பிளேயரை எங்கிருந்தோ தேடி வாங்கினார்.

"எல்லாம் போன்லயே வருது டாடி, இது காயக்கோ, எதுக்கு?" என்று அஜின் சிரித்தான்.

"போன்ல உள்ளது, கம்பெனிக்காரன் வச்சிருக்க வரைக்கும்தாம்டே."

டி.வி. ரிப்பேர் செய்கிற உதுமான் வந்தபோது இருதயமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனசீலனுக்குப் படம் பார்க்கக் கூட்டாளி அவர்தான். மாலையைப் போட்டார், கும்பிட்டார். பிறகு அவர் கை மெல்லப் போர்வைக்கு அடியில் போனது.

"என்ன தம்பி தேடுதிய?"

"ஒரு டிஸ்க்கு மதினி. திருப்பிக் குடுக்கணும்…"

"அந்த மஞ்சப் பொடவைக்காரி உள்ளதுதான? யாரு அவ? இங்க வந்திருக்காளா?"

உதுமான் அவளையே பார்த்தார்.

"மதினி, அது நீங்கதான்னு அண்ணன் சொன்னாவ."

அவள் போர்வை மூடிய டி.வி.யைத் திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்துல ஒருத்தன் நிக்கான். அவன் கை உங்க தோள்மேல கெடக்காப்ல இருக்கும். யாருன்னு தெரியணும்னாவ. பழைய பிரிண்டுல தெளியல. போன்ல கட்டம் கட்டமா ஒடையும். இந்த ஃபோர்-கே டிஸ்க்குல தெளியும்னு நாந்தான் சொன்னேன். இனிமே இப்படிப் போடுவானுவளான்னே தெரியாது, ஒவ்வொரு கம்பெனியா நிறுத்துதான். போன வாரமே குடுத்துட்டேன். பாத்தியளான்னு கேட்டா, பாக்கலாம் பாக்கலாம்னாவ."

இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்டாரா இந்த மனுஷன்?

போர்வைக்குள் கைவிட்டு எடுத்தாள். டிஸ்க்கின் மேல் பளபளப்பு உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"மேரிக்கா, துட்டி வீட்டுல…" என்று பக்கத்து வீட்டு ஆனி பதறினாள்.

போர்வை தரையில் விழுந்தது. "சத்தம் வேண்டாம் தம்பி. படத்த மட்டும் போடுங்க."

உதுமான் இடம் தெரிந்து ஓட்டி நிறுத்தினார். பாலம். கூட்டம். மூக்குத்தி உட்பட அவளேதான். அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போன வழியில் ஷூட்டிங் கூட்டம் நெருக்கியது. வீட்டில் வந்து சொல்ல அதில் என்ன இருந்தது? பக்கத்தில் கட்டம் போட்ட சட்டைக்காரன். யாரோ. அவன் கை அவள் தோளில் இல்லை. பின்னால் பாலத்துக் கம்பியைப் பிடித்திருந்தது. நகம்கூடத் தெரிந்தது. கைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம்.

கிழிந்த உறை அவள் உள்ளங்கையில் கசங்கியது.

"அஜின், அப்பாவத் திருப்பிப் போடு."

"க்யா?"

"காலு டி.வி. பக்கம் வரணும். மொகம் அங்க பாக்கணும்."

யாரும் அசையவில்லை. உதுமான்தான் முதலில் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். அஜின் மறுமுனையைப் பிடித்தான். சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பியது.

"ஃபாதர் படியேறுறாரு மா. ஆஃப் பண்ணு, ப்ளீஸ்."

அவள் ரிமோட்டைத் தொடவில்லை. கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அவள் கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது, அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி.