எதிர்ப்பக்கத்து நிறுத்தம்

அச்சகத்தில் பிழை திருத்தியே கண் போனவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா கிடந்திருக்கலாம். கை கிடந்தால்தானே! இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் நகரத்து பஸ் நேரங்களை நான்தான் சரிபார்த்துப் போடுகிறேன். ஊர்க்காரர்கள் போனில் பஸ் பார்க்கிற ஆப்புக்கு நேரமெல்லாம் அதிலிருந்துதான் போகிறது. சம்பளமும் கிடையாது, நன்றியும் கிடையாது. தப்பாக இருந்தால் மட்டும் ஊரே வந்து கத்தும்.

புது அட்டவணை வந்ததிலிருந்து என் மகள் வருவதில்லை. நகரத்தின் மறுகோடியில் நர்ஸாக இருக்கிறாள். லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"பஸ்ஸே இல்லம்மா. போன்ல பாத்துட்டேன், உன் பக்கம் வர்றது ஒண்ணுகூட காட்ட மாட்டேங்குது. எடுத்துட்டாங்க போல."

"எடுத்துட்டாங்களா? இப்பத்தான் என் ஜன்னலுக்கு நேரா ஒண்ணு போச்சு. யார் காதுலடி பூ சுத்தற?"

"உன்கிட்ட மனுஷி பேச முடியாது" என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் விஷயத்தில் என்னிடமே கதை விடுகிறாளே! அடுத்த வாரமும் அதே பல்லவி. நானும் முறுக்கிக்கொண்டு போன் செய்யாமல் இருந்தேன். வீட்டில் பேச ஆள் இல்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் 'மின்னல்' என்ற பெயரில் அதே வரைபடத்தில் வேலை செய்யும் ஒருவரிடமிருந்து குறிப்பு வந்தது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. "உங்க வீட்டுப் பக்கத்து பஸ்ஸுக்குப் போற நேரம் மட்டும்தான் இருக்கு. வர்ற நேரம் காலியா கிடக்கு. கொஞ்சம் பாருங்க."

பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போவது தனி, வருவது தனி என்று இரண்டு பதிவு உண்டு. இரண்டிலும் பழைய நேரங்களை அழித்தவள் நானேதான். என் வாசல் பக்கக் கம்பத்தில் ஒட்டியிருந்த புது அட்டவணையைப் படமெடுத்து, போகிற நேரத்தை மட்டும் போட்டுவிட்டேன். வருகிற நேரம் எதிர்ப்பக்கக் கம்பத்தில் இருக்கும். நாளைக்கு ரோட்டைத் தாண்டிப் போய் எடுக்கலாம் என்று விட்டவள், சுத்தமாக மறந்துபோனேன். அந்த நிறுத்தத்தில் நின்று யாரையும் எதிர்பார்த்து நாளாகிவிட்டது.

பாவி, உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஒன்று விடாமல் படமெடுத்து வந்து பதிவேற்றினேன். சனிக்கிழமை, அவள் பார்க்கிற அதே ஆப்பில் பஸ்கள் வந்துவிட்டன. அவளிடம் சொல்லவில்லை. அவளே பார்ப்பாள், வந்து இறங்குவாள், நேரில் சமாதானம் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

ஞாயிறு காலையில் இரண்டு பேருக்குச் சமைத்தேன். அவள் படுக்கிற கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போட்டேன். ஜன்னலோரம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன் அடித்தது.

"இன்னிக்கும் பஸ் இல்லம்மா. இப்பத்தான் பாத்தேன்."

குரலில் தூக்கம்கூடக் கலையவில்லை. என் எதிரே திரையில், அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வரும் பஸ்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் நான் போட்டவை, எல்லாம் சரியானவை. திட்டுவதற்கு வாய் வரைக்கும் வந்தது. இவள் பஸ்ஸைத் தேடவே இல்லை என்பது புரிந்ததும் கணினியை மூடி வைத்தேன்.

"ஆமாடி, நானும் பாத்தேன். இல்லதான்" என்றேன். "நைட் ட்யூட்டி பாத்த உடம்பு. நல்லா தூங்கு."

தெரிந்தே ஒரு பிழையை விட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"என்னம்மா சத்தம்?"

"குப்பை லாரிடி" என்றேன்.