நாற்பத்தொரு செடிகள்

பாறையோரச் செடியின் நுனியில் இன்றைக்கு நான்கு இலைகள் மஞ்சளித்திருந்தன. நேற்று ஒன்றுதான். காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தான். நான்கையும் கிள்ளிச் சட்டைப்பைக்குள் திணித்தான். கிள்ளிப்போட்டால் நோய் போய்விடுமா என்ன?

இடுப்புயரப் புதர்தான். ஆனால் இந்த மலைச்சரிவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மொத்தமே நாற்பத்தொன்று. அதற்காகத்தான் வேலி, பூட்டு, வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. கீழே தோட்டங்களின் சேற்றில் வேரழுகல் நோய் இருந்தது. பூட்ஸைத் தொட்டியில் நனைக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது.

இருபது நாளைக்கு முன்னால் மச்சினன் வந்தான், தோட்டத்திலிருந்து நேராக, கணுக்கால்வரை சேறோடு. ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, அக்காவுக்காக மனசு மாறி வந்தவன்.

"என்ன மாமா, காலைக் கழுவினாத்தான் உள்ள விடுவீங்களா? அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் மறுபடி முறுக்கிக்கொண்டால்? "அட, நீ வா மாப்ளே" என்று காவலாளி சொல்லிவிட்டான். பாழாய்ப்போன மரியாதை! மச்சினன் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தது இந்தப் பாறையில்தான்.

இலைகளைக் கிள்ளிய அன்று காலையே செடிகளைக் கணக்கெடுக்க ஆய்வாளரம்மா வந்தார். மஞ்சள் இலை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. ஆனாலும் அந்தச் செடியருகில் குனிந்தார், அடித்தண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சைக்குப் பதில் பழுப்பு.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "நான்தாம்மா காரணம்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வேலை போனால் போகட்டும்.

அவர் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சரி, பதறாதீங்க. ஒரு செடிதானே? சுத்தியிருக்கிற மண்ணோட வெட்டி எடுத்துட்டா மத்ததைக் காப்பாத்திடலாம்." நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். "இங்க மிதிச்ச காலோட நீங்க வேற செடிகிட்ட போகலையே?"

அவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். தினமும் விடிந்ததும் முதலில் இந்தச் செடியைத்தான் பார்ப்பான். பிறகு மற்றவற்றுக்கும் வந்துவிட்டதோ என்ற திகிலில் ஒவ்வொன்றாகத் தேடி ஓடுவான்.

ஈரமண்ணில் அவனுடைய பூட்ஸ் தடங்கள் பாறையிலிருந்து அடுத்த செடிக்குப் போயின. அதைச் சுற்றிவிட்டு அதற்கடுத்ததற்கு. அங்கிருந்து மேலே, மேலே, மூடுபனிக்குள் சரிவு மறைகிற இடம்வரை, ஒரு செடியையும் விடாமல்.