நாலு வினாடி முன்னால்

அம்மாவோடு துப்பறியும் படம் பார்ப்பது பெரிய தண்டனை. பத்தாவது நிமிடத்தில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள். அதோடு விட்டால் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லியும் விடுவாள். கடைசியாகப் போன படத்தில் அப்பா பொறுக்கமாட்டாமல், "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இரேன்" என்றார். மிச்சப் படம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் மாரடைப்பில் போய்விட்டாள். அதன்பிறகு மூன்று வருடமாக அப்பா தியேட்டர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. முதன்முறையாக என் எழுத்து பெரிய திரையில் வரப்போகிறது. "நீங்க வரலைன்னா நானும் போகல" என்று மிரட்டி அப்பாவைக் கூட்டிப்போனேன்.

"என்னடி கதை?"

"ஆறு, படகு, ஒரு கொலை" என்று மழுப்பினேன். கொலையானது துப்பறிவாளனின் மனைவி என்பதையும், அந்தப் படகில் ஏறினால் அவள் உயிரோடிருந்த கடைசி நாளுக்குப் போகலாம் என்பதையும் சொல்லவில்லை.

படம் தொடங்கியது. "யாரு கதவைத் தட்டுறது?" என்று திரையில் எழுத்து வந்தது. அதற்குப் பிறகுதான் கதவு தட்டும் சத்தமே கேட்டது. நான் எழுத்துக்கு நேரம் குறித்த பிரதியில் படக் கம்பெனியின் முத்திரை கிடையாது. தியேட்டர் பிரதியில் முதலில் நாலு வினாடி முத்திரை ஓடியது. அதைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறேன். இனி எல்லா வசனமும் முந்திக்கொண்டுதான் வரும்.

துப்பறிவாளன் படகில் ஏறிப் பழைய நாளுக்குப் போனதும், "எழுதினவங்களும் அந்தப் படகுல ஏறிட்டாங்க போல" என்றது பின்வரிசை. அரங்கே சிரித்தது.

ஆபரேட்டர் அறைக்கு ஓட எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே உங்கம்மாடி!"

"விடுங்கப்பா, மானம் போகுது."

"போனாப் போகுது, உக்காரு. கொஞ்சம் பேசட்டும். போன தடவை நான் விடலையே."

உட்கார்ந்தேன். இடைவேளை வரை எழுத்து முந்த, கூட்டம் கிண்டலடிக்க, அப்பா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

இடைவேளையில், என்னை ஏற்கனவே தெரிந்த ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். "உங்க எழுத்துக்கு அப்படி என்னம்மா அவசரம்? ஒரு நிமிஷ வேலைதான், சரி பண்ணிடவா?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"பண்ணிடுங்க சார். மத்தவங்களும் படம் பாக்கணுமில்ல" என்றார் அவர். பிறகு என்னிடம், "அந்தத் துப்பறிவாளன் சுத்த மக்கு. பொண்டாட்டியோட ஒரு நாள் கிடைச்சிருக்கு, கேள்வியா கேட்டுத் தொலைக்கிறான்" என்றார்.

இரண்டாம் பாதியில் எழுத்து ஒழுங்காக வந்தது. ஆனால் அப்பா ஒழுங்காக இல்லை.

"டாக்டர்தான் கொலைகாரன், எழுதி வச்சுக்கோ!" என்றார் சத்தமாக.

முன்வரிசைப் பெண்மணி திரும்பினார். "கொஞ்சம் வாயை மூடிட்டுப் பாக்கறீங்களா?"

"முடியாதும்மா. எங்க வீட்டு வழக்கம் இது."

கொலைகாரன் படகோட்டி. அம்மா இருந்திருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே சொல்லியிருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை.