ஆவாரம்பூ நானோ

கவியரசனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். புதுக்கோட்டையில் இந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையில் இருவரும் ஒரே ஆண்டு சேர்ந்தோம். இருவருக்கும் நானோ துகள்தான் ஆராய்ச்சி. நான் மாதக்கணக்கில் உலை முன்னால் வேகிறேன். அவரோ இலுப்பூர் ரோட்டோரம் ஆவாரம்பூ பறித்துவந்து, சாறெடுத்து, துத்தநாக உப்புக் கரைசலில் ஊற்றி, 'பசுமை முறை' என்று கட்டுரை போட்டுவிடுவார். ஆண்டு மலரில் பூவும் கையுமாகப் போட்டோ வேறு.

இந்த முறை ஜப்பானில் ஓராண்டு ஆராய்ச்சி செய்ய எங்கள் துறைக்கு ஒரே ஓர் இடம். போட்டி எங்கள் இருவருக்குள்தான். திருச்சியிலிருந்து வரும் நிபுணர் முன்னால் பேச வேண்டும்.

அதற்கு முதல் நாள் கவியரசன் லேப்டாப்போடு என் அறைக்கு வந்தார்.

"மேடம், எக்ஸ்ரே கிராஃப். இங்கிட்டு ஒரு பீக் புதுசா வருது பாருங்க. பூச்சாறால வந்த புது அமைப்பு. சரியா இருக்கா?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பொடியை வைக்கும் தட்டு அலுமினியம். மனிதர் பொடியைக் கஞ்சத்தனமாகத் தூவியிருக்கிறார். கதிர் தட்டில் பட்டு, கிராஃபில் அதன் பீக்கும் சேர்ந்து விழுந்திருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"சூப்பர் சார். அப்படியே போடுங்க."

மறுநாள் அவர் அந்த பீக்கைக் காட்டிப் பேசினார். நிபுணர் பிடித்து உலுக்குவார் என்று காத்திருந்தேன். அவரோ தலையாட்டிக் குறிப்பெடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், அது புது அமைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அலுமினியத் தட்டு!"

நிபுணர் உற்றுப் பார்த்து, "ஆமாம்மா, கரெக்ட்" என்றார். ஜப்பான் என் கைக்கு வந்துவிட்டது.

"அய்யய்யோ, ஆமா சார்" என்றார் கவியரசன். "நேத்து மேடத்துக்கிட்ட காமிச்சேன். அவங்களுக்கும் அப்பத் தோணல போல. அப்படியே போடச் சொன்னாங்க."

குத்திக்காட்டவில்லை. அந்த மனிதருக்கு அது வராது, அதுதான் இன்னும் எரிச்சல்.

நிபுணர் என் பக்கம் திரும்பினார். "நேத்தே பார்த்தீங்களா, கலைமதி?"

நான் அவசரமாக என் ஸ்லைடுகளைத் திறந்தேன்.

"தட்டை மாத்தி இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்று கவியரசனிடம் சொல்லிவிட்டு, என் பேச்சைப் பாதியிலேயே போதும் என்றார்.

ஜப்பான் ஆர்டர் கவியரசன் பேருக்கு வந்தது. லட்டோடு என் அறைக்கு வந்தார்.

"நீங்க சொல்லலைன்னா அங்க போயி மானம் போயிருக்கும் மேடம். ஒரு வருஷத்துக்கு என் செகண்ட் இயர் லேப்பை ஒங்களுக்கே போடச் சொல்லிட்டேன். வேற யாரை நம்புறது?"

லட்டு நன்றாக வேறு இருந்து தொலைத்தது.