கடன் கொடுத்தவரின் எடை

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மாமனாரின் கருமாதிக்கு ஹர்க்கஜித் ராய் வாங்கிய பன்றியின் விலையும், அதன்மேல் ஏறிய வட்டியும். பன்றியை ஊரே தின்றது. கடன் கொடுத்த காஞ்சமான் மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றார். கடன் மட்டும் ஹர்க்கஜித்துக்குத் தனியாக வந்து சேர்ந்தது.

மலை ஏற வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்கும் இந்த நடையின் கூலியில் கூரைக்குத் தகரம் வாங்காமல் வாசலை மிதிக்காதே என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். மாமாவோ அந்தக் கூலியை வழிகாட்டி கையிலிருந்தே வாங்கிக்கொள்ள, அவர்கள் தங்கியிருந்த மலைக்கிராமமான டிங்போச்சேக்கு வந்துவிட்டார். நடந்து வரவில்லை. அரிசி ஏற்றிய ஹெலிகாப்டரில் மூட்டையோடு மூட்டையாக, ஓசியில் வந்தார்.

அன்று ஓய்வு நாள். சுமைக்காரர்களுக்கு உருளைக்கிழங்கும் சீட்டும் தூக்கமும். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும், எதிரே இருக்கும் மலையில் ஏறி, அங்கே ஒன்றும் செய்யாமல் திரும்பி இறங்குவது. உடம்புக்கு உயரம் பழக வேண்டுமாம்.

ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும் மாமாவின் தொப்பியைப் பார்த்ததும் ஹர்க்கஜித் கூடையைத் தூக்கிக்கொண்டான்.

"அண்ணே, நானும் மலைக்கு வர்றேன். தண்ணி தூக்கறேன்."

வழிகாட்டி தெண்டுக் ஷெர்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கூலி கிடையாதுடா."

"புண்ணியத்துக்கு."

"ராய்க்காரன் எப்படா புண்ணியத்துக்கு மலை ஏறினான்?"

ஏறினார்கள். யாரும் தன்னை முந்தக் கூடாது என்பது தெண்டுக்கின் சட்டம். அவர் ஆமை மாதிரி அடி வைத்தார். பின்னால் நான்கு வெள்ளைக்காரர்கள், உதவியாள், கடைசியில் ஹர்க்கஜித். முப்பது அடி கீழே மாமா.

"டேய் மாப்ளே, நில்லுடா."

"நிக்கக் கூடாது மாமா. நின்னா குளிர் பிடிச்சிரும்."

துரத்தல்தான். ஆனால் அப்படியொரு துரத்தலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஓடுகிறவனுக்கும் ஓட வழியில்லை, துரத்துகிறவருக்கும் மூச்சில்லை. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி மாமாவின் விடாமுயற்சியைப் பார்த்துக் கைதட்டினாள்.

பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய பாறை வந்ததும் மாமா உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம். இங்கேயா அங்கேயா என்று கண் அலைந்தது. தெண்டுக் ஓடி வந்து குனிந்தார். உயரம் ஆளைப் பிடித்தால், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் கணக்குத்தான் கேட்பார்கள்.

"மாமா, நூத்துக்கு மூணு வட்டின்னா ஆயிரத்துக்கு எவ்வளவு?"

மாமா வெகுநேரம் யோசித்தார். "நீயே பாத்துக் குடுப்பா."

தெண்டுக்கின் முகம் வெளிறியது. "தலைக்கே ஏறிருச்சு. உடனே கீழே இறக்கணும்."

ஹர்க்கஜித் மெல்லக் கேட்டான். "மாமா, நான் எவ்வளவு தரணும்?"

"நாப்பது ரூபா."

பையில் ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தது. சாட்சிக்கு ஆறு பேர் இருந்தார்கள். கை பைக்குள் போயேவிட்டது. அப்போது மாமா அவன் செருப்பின்மேல் வாந்தி எடுத்தார். கொடுத்துவிட்டு ஆள் போய்ச்சேர்ந்தால் மீதிப் பத்து ரூபாயை யாரிடம் கேட்பது என்று ஹர்க்கஜித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காரணம் அதுவல்ல என்று அவனுக்கே தெரியும். இடுப்பிலிருந்த குக்ரிக் கத்தியை உருவி, மாமாவின் கால் தொங்குவதற்காகக் கூடையின் ஒரு பக்கத்தை வெட்டினான்.

வெள்ளைக்காரர்களை உதவியாள் கூட்டிப்போனான். ஹர்க்கஜித் கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி மாமாவைத் தூக்கினான். தெண்டுக் கூடவே இறங்கினார். டிங்போச்சே வயல் சுவர்களைத் தாண்டியதும் கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாலாயிரம்டா நீ தரணும்."

"தெளியுது," என்றார் தெண்டுக்.

ஆற்றுப் பாலத்தில், "ஏழாயிரத்து எரநூறு."

ஹர்க்கஜித்தின் கால் நின்றது. கீழே போகப் போகக் கடன் மேலே போகிறது.

"இங்கயே இறக்கி வச்சிரலாமா? லாபமான இடம்," என்றார் தெண்டுக்.

"அண்ணே, சிரிப்புக் காட்டாதீங்க. பாரத்தோட சிரிக்க முடியல." மறுபடி நடந்தான். வழியெல்லாம் தகரம் ஒவ்வொன்றாகப் பறந்துபோவது போலிருந்தது.

கீழே இருந்த பாங்போச்சே ஊர் விடுதியில் பூண்டு சூப் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினோராயிரத்து அறுநூத்தி நாப்பது."

"பொழைச்சிட்டார்," என்றார் தெண்டுக். "சரி மாமா, இப்ப தூக்குக்கூலி. நோயாளின்னா ரெட்டை. கிலோவுக்கு நூத்தைம்பது. இந்தத் தடத்துல எல்லாருக்கும் அதான்."

"நான் என்ன சிமெண்டு மூட்டையா?"

"சிமெண்டு வாந்தி எடுக்காது," என்றான் ஹர்க்கஜித்.

"என் எடை அம்பத்தஞ்சு கிலோதான்."

சுமை நிறுக்கும் தராசில் ஏறி நிற்கச் சொன்னார்கள். எழுபத்தெட்டு.

தெண்டுக் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "பதினோராயிரத்து எழுநூறு. கடன் போக நீங்கதான் இவனுக்கு அறுபது ரூபா தரணும் மாமா."

மாமா தராசைப் பார்த்தார். ஹர்க்கஜித்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். போர்வையையும் உருவிக் கீழே போட்டார். எழுபத்தேழு புள்ளி ஆறு. யாரையும் நம்பாமல் உதடு அசையத் தானே பெருக்கிப் பார்த்தார். இரண்டாம் முறையும் பெருக்கினார்.

"நேராயிருச்சு. உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, போ," என்று சொல்லிவிட்டு, தராசிலிருந்து இறங்கிப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.