குழாயில் மூன்று தட்டு

என் வீட்டுக்காரர் கலீமுல்லா செத்தது ஒரு பாதாங்கொட்டையால் என்று சொன்னால் சைதாப்பேட்டையே சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்குத்தான் தெரியும்.

எங்கள் மாடி ஷீட் கூரையின் ஓரத்தில், மழைத்தண்ணீரை வாங்கி இரும்புக் குழாயில் விடும் தகரக் கால்வாய் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பாதாம் மரம் இலையும் கொட்டையுமாக அதை அடைத்துவிடும். மழை வந்தால் அவர் ஏணி போட்டு ஏறி அள்ளுவார். அள்ளியதும் குழாயில் மூன்று தட்டு. தண்ணீர் வருகிறதா என்று அர்த்தம். கீழே நான் கரண்டியால் இரண்டு தட்டினால், வருகிறது, இறங்குங்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு.

குழாய்க்குள் விழுகிற கொட்டையும் அப்படித்தான் தட்டும். போன மழைக்காலத்தில் ஒருநாள் மூன்று தட்டு கேட்டது. கொட்டைதான் என்று நான் அடுப்பை விட்டு நகரவில்லை. பதில் வராததால் குழாய்வாயை எட்டிப் பார்க்கக் குனிந்தவர், சறுக்கி விழுந்துவிட்டார்.

அதிலிருந்து மழை பெய்தாலே மூன்று தட்டு. நான் அடுப்படியிலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

"கொட்டைதாம்மா உருளுது," என்றார் பிளம்பர் கோதண்டபாணி. "கால்வாய் மேல வலை போட்டுடு. இலை, கொட்டை, அணிலு, ஒண்ணும் உள்ள போவாது. ஏணி ஏறுற வேலையும் கம்மி."

"கெடுதல் இன்னா?"

"கீது. இலை வலை மேலயே ஒட்டிக்கினு நிக்கும், அப்பப்போ பெருக்கணும். பேய்மழைன்னா தண்ணி வலையைத் தாண்டி வெளிய ஊத்தும்."

அவருக்குத் தெரியாத கெடுதல் ஒன்று இருந்தது. வலை போட்ட பிறகும் தட்டினால், கொட்டை என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. அந்தப் பயத்தில் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். என் மகன் ஃபராஸ் ஏணியில் கால் வைத்த அன்றைக்கு, போடச் சொல்லிவிட்டேன். அப்பனைக் காவு வாங்கிய ஏணி மகனையும் கேட்க வேண்டாம்.

நேற்று மத்தியானம் மழை பிடித்தது. கொட்டைகள் வலையில் விழுந்து துள்ளி வாசலில் சிதறின. குழாயில் தண்ணீர் மட்டும் வந்தது.

"பாத்தியா அம்மி, சத்தமே இல்ல," என்றான் ஃபராஸ். நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

டக். டக். டக்.

"வலை கழண்டுகிச்சு போல," என்று ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தான். மறுபடி மூன்று தட்டு, அவசரமே இல்லாமல்.

"ஏறாதடா!"

கரண்டியோடு ஓடினேன். ஒரு வருஷமாக மனுஷன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு மேலேயே நிற்கிறார். பயந்து சாகத் தெரிந்த எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லையே.

இரண்டு தட்டு தட்டினேன். "வந்துடுச்சுங்க. தண்ணி வந்துடுச்சு. இறங்குங்க."

ஏணியின் மேல்படி கிறீச்சிட்டது. பிறகு அதற்குக் கீழ்ப்படி. அதற்கும் கீழ்ப்படி. ஃபராஸ் ஏணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, ஓரமாக விலகி வழிவிட்டான்.