இரண்டு அடுப்பு வீடு

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீடு மட்டும் மிச்சம். அதை விற்க வேண்டுமென்றால் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு இந்த வீட்டிலேயே கிடந்து சாகலாம் என்று இருவருமே தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இருபத்திரண்டு வருஷமாக முகம் பார்த்துப் பேச்சு கிடையாது. ஜாடைப் பேச்சு உண்டு. அதில் குறையே வைத்ததில்லை.

"இந்த வாளியோட தலையெழுத்து, எடுத்த எடத்துல வைக்கத் தெரியாத கையில மாட்டிக்கிட்டு அல்லாடுது" என்று சின்னவள் வாளியிடம் சொல்வாள்.

"வாளிக்கென்ன கவல, அதுக்குக் காது கெடையாது. எனக்குல்ல இருக்கு" என்று பெரியவள் குழாயிடம் சொல்வாள்.

சமையல் மேடையின் நடுவில் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் பெரியவளின் கேஸ் அடுப்பு. அந்தப் பக்கம் சின்னவளின் மின்சார அடுப்பு. ஒரு கரண்டி நாடாவைத் தாண்டினாலும் அன்று பொழுதுக்கும் பாத்திரங்கள் உருளும்.

பகை சும்மா வந்ததல்ல. பெரியவள் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே இயந்திரம் போடுகிற இரைச்சலில் போன் அடித்தால் கேட்காது. அதனால் அவசரத்துக்கு என்று வீட்டில் எல்லோரும் கொடுத்து வைத்திருந்தது சின்னவள் வேலை பார்த்த தபால் நிலைய நம்பர். பெரியவளின் புருஷன் வேலையிடத்தில் சுருண்டு விழுந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து போன் அங்கேதான் வந்தது. சின்னவள் ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிட்டு, அடுத்த தெருவில் இருந்த சலவைக்கூடத்துக்கு வந்து சொன்னாள். அந்த ஆள் நாலு பத்துக்கே முடிந்திருந்தான். போன் நாலரைக்குத்தான் வந்தது, வந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது என்று சின்னவள் அன்றைக்கும் சொன்னாள், அதற்கப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். பெரியவள் ஒரு நாளும் நம்பவில்லை.

இப்போது பெரியவளுக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் தகடு வைத்து அனுப்பியிருந்தார்கள். குனிய முடியாது. ஈரத் தரையில் தனியாக நிற்கக் கூடாது. ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வதோடு சரி. முப்பத்தோரு வருஷம் ஊரார் படுத்தெழுந்த விரிப்புகளைப் பளிச்சென்று வெளுத்துக் கொடுத்தவள், தன் உடம்பின் நாற்றத்தைத் தானே முகர்ந்துகொண்டு கட்டிலில் கிடந்தாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நாற்றத்தைப் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் முதியோர் உதவி மையத்தின் நம்பர் இருந்தது. வீட்டுக்கே சாப்பாடு, ஆஸ்பத்திரி போய்வர வேன், வாரம் இரண்டு நாள் வந்து குளிப்பாட்டிவிட ஒரு ஆள். பெரியவளுக்கு அந்த மூன்றாவது வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. வேன் விஷயம் ஏற்கெனவே தெரியும். சின்னவள் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள மாதாமாதம் அதில்தான் போய்வருகிறாள்.

போன் போட்டாள்.

"கூட யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்கள்.

"ஒருத்தி இருக்கா. அவள மனுஷக் கணக்குல சேக்க வேண்டாம்."

"அடுப்பு ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"அப்ப நீங்க தனிக் குடித்தனம். ஒரே அடுப்புன்னா கூட இருக்கறவங்கதான் பாத்துக்கணும், ஆள் தர மாட்டோம். ரெண்டுன்னா தருவோம். வெள்ளிக்கிழம வந்து பாத்துட்டுப் போறோம்."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று இருந்துவிட்டாள் பெரியவள்.

வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் படிவம், முகத்தில் அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி இருக்கிற களைப்பு. பெரியவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு வருவதற்குள் சின்னவள் திறந்துவிட்டாள். துவைத்த உடை. வாரிய தலை. வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்கம்மா, உக்காருங்க. அக்கா, நீங்க ஏன் எழுந்து வர்றீங்க, நான் பாத்துக்க மாட்டேனா?"

அக்கா. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பின் நேருக்கு நேர் வந்த முதல் சொல். பெரியவளுக்குக் கன்னத்தில் அறை வாங்கினாற்போல் இருந்தது.

"சமையல் எடத்தப் பாக்கலாமா?" என்றாள் வந்தவள்.

மேடையில் ஒரே ஒரு அடுப்பு இருந்தது. பெரியவளின் கேஸ் அடுப்பு. அதில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. மின்சார அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி. கறுப்பு நாடாவைக் காணோம்.

"இன்னொரு அடுப்பு இருந்துச்சு. இவதான் ஒளிச்சு வச்சுட்டா" என்றாள் பெரியவள். குரல் அவளை மீறி எகிறியது. "இங்க பாருங்க, நாடா ஒட்டின கோடு. அழுக்கு தெரியுதா இல்லையா? நடுவுல பிரிச்சு வச்சிருந்தோம்."

வந்தவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். "கோடு எழுதற எடம் இந்தப் படிவத்துல இல்லம்மா."

"அவ ரூம் அலமாரியத் தொறந்து பாருங்க."

"அடுத்தவங்க அலமாரிய நான் தொறக்கக் கூடாதும்மா."

"அக்காவுக்கு விழுந்ததுலேருந்து இப்படித்தான், பொசுக்குன்னு கோவம் வந்துடுது" என்று சின்னவள் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துவந்து பெரியவளின் கையில் வைத்தாள். "சர்க்கரை போடல. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். சூடு கம்மியாத்தான் இருக்கு, நீங்க குடிக்கற பதம்."

பதம் சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் வேவு பார்த்தவளுக்கு அது கூடவா தெரியாமல் போகும். பெரியவள் கோப்பையைத் தரையில் வீசினாள். வந்தவள் காலைத் தூக்கிக்கொண்டு படிவத்தில் ஏதோ குறித்தாள். சின்னவள் பொறுமையாகத் துணி எடுத்து வந்து துடைத்தாள். அந்தத் துடைப்பில்தான் கதை முடிந்தது. ஆள் கிடையாது.

"குளிக்க வைக்கறது யாரு?" என்று கேட்டாள் வந்தவள்.

"என்ன விட்டா யாரு இருக்கா? நான்தான்" என்றாள் சின்னவள். பெரியவளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தோளில் கை வைத்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவ மாதிரி."

"ரொம்ப நல்லதுங்க. அப்ப இதுல ஒரு கையெழுத்து."

முப்பது வருஷம் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, "படிச்சுட்டுப் போடுங்க, படிச்சுட்டுப் போடுங்க" என்று ஊரையே விரட்டியவள் சின்னவள். கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. போய் எடுக்க வேண்டுமென்றால் தோளிலிருந்து கையை எடுக்க வேண்டும். கை அங்கே அவ்வளவு அழகாக இருந்தது. எட்டி வாங்கி, இருந்த இடத்திலிருந்தே போட்டுவிட்டாள்.

வந்தவள் நகலைக் கிழித்து அவளிடம் கொடுத்தாள். "உறவுப் பராமரிப்பாளர்னு உங்க பேரப் பதிஞ்சாச்சு. ஒரு வருஷத்துக்கு. செவ்வாய், வெள்ளி குளியல். எங்க நர்ஸ் சொல்லாம கொள்ளாம வந்து பாப்பாங்க."

சின்னவளின் சிரிப்பு அப்படியே இருந்தது. தோளில் இருந்த விரல்கள் மட்டும் இறுகின.

"எனக்கே கண்ணு சரியில்லையே. முடியலன்னா?"

"முடியலன்னா டாக்டர் சீட்டு வேணும். சும்மா விட்டீங்கன்னா வேன் பட்டியல்லேருந்து உங்க பேரு போயிடும். இல்ல, அவங்க உங்க மேல குறை சொன்னா மாத்திட்டு நாங்களே ஆள் போட்டுடுவோம், வேன்ல கை வைக்க மாட்டோம். மாசக் கடைசியில போன் பண்ணிக் கேப்போம்."

கதவு சாத்தியதும் கை தோளை விட்டுப் போனது. பெரியவள் சிரித்தாள். அடிபட்ட இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"இந்தச் செவுத்துக்குச் சொல்றேன்" என்றாள். "கையெழுத்து போடறதுக்கு முன்னால படிக்கணுமாம்."

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்தே விட்டாள். வாசலில் அவள் குரல் கேட்டபிறகு ஒளிய இடமில்லை. சின்னவள் வெந்நீர் விளாவினாள். பெரியவள் பிளாஸ்டிக் முக்காலியில் உடுப்பில்லாமல் உட்கார்ந்தாள். தன்னுடைய தொங்கிப்போன உடம்பை இந்த ஜென்மத்தில் யார் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாளோ, அவளே பின்னால் நின்றாள். தண்ணீர் முதுகில் விழுந்தபோது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை மறைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். தகடு வைத்த பக்கம் மட்டும் கை தானாக மெதுவானது. நர்ஸ் பார்க்கிறாளே.

அதற்கப்புறம் நர்ஸ் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. குளியல் நடந்தது. குளியலறையில் ஏச்சும் நடந்தது.

"இந்தக் குவளைக்கு மூக்கிருந்தா ஓடிப் போயிருக்கும்" என்பாள் சின்னவள்.

"சோப்பு தேய்க்கச் சொன்னா தபால் முத்திரை குத்துது ஒரு கை" என்பாள் பெரியவள்.

நாலாவது வாரம். சின்னவள் மண்டியிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெரியவளின் பாதத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியில் முனகினாள். மேலிருந்து அவளுடைய உச்சி வகிடு தெரிந்தது. முடி கொட்டி மண்டை பளபளத்தது. பெரியவள் குழாயைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்குப் போன் எத்தன மணிக்கு வந்துச்சாம்?"

கை நிற்கவில்லை. ஒரு பாதம் முடிந்து அடுத்த பாதத்துக்குப் போனது.

"மூணு இருவது" என்றாள் சின்னவள். குழாயிடம் சொல்லவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "வரிசையில பதினாலு பேர் நின்னாங்க. விட்டுட்டு வந்திருக்கலாம். வரல."

சலவைக்கூடத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி பஸ்ஸில் இருபது நிமிஷம். பெரியவள் இந்தப் பாதையை மனசுக்குள் ஆயிரம் தடவை போய்வந்திருக்கிறாள். மூணு இருபதுக்குச் சொல்லியிருந்தால் மூணே முக்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இருபத்தைந்து நிமிஷம் கிடைத்திருக்கும். கையையாவது பிடித்துக்கொண்டிருப்பாள்.

இவள் ஏன் இப்போது வாயைத் திறந்தாள் என்றும் யோசித்தாள். பாவமன்னிப்பு கேட்கிற ஜாதியில்லை இவள். மாசக் கடைசி வருகிறது. இதைக் கேட்டபின் பெரியவள் தன் கை மேலே பட்டாலே அருவருத்து, போனில் குறை சொல்லி விரட்டிவிடுவாள், விட்டது தொல்லை, வேனும் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

"விரல் இடுக்குல தேய்க்கல" என்றாள் பெரியவள்.

திங்கட்கிழமை போன் வந்தது. அதே பெண்.

"எப்படி இருக்கீங்கம்மா? உங்களப் பாத்துக்கறவங்க மேல குறை ஏதாச்சும் உண்டா? இருந்தா தயங்காம சொல்லுங்க. அடுத்த வாரமே எங்க ஆள் வந்துடுவாங்க. கையுறை போட்டுக்கிட்டு, வேல தெரிஞ்ச ஆளா அனுப்பறோம்."

பெரியவள் கேட்டதெல்லாம் இதைத்தான். முன்பின் தெரியாத ஒரு கை. எந்தக் கதையும் இல்லாத கை. வந்து, குளிப்பாட்டி, போய்விடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சின்னவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் பாதி துடைத்த தட்டு. இந்த முறை சுவருக்குப் பின்னால் ஒளியவில்லை. சொல்லு, சொல்லித் தொலை என்று முகம் முழுக்க எழுதியிருந்தது.

பெரியவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினாள்.

"குறையா? வாய் கூசாம எப்படிம்மா சொல்வேன். கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கறா. அடுத்த வருஷத்துக்கும் அவ பேரையே போட்டு வச்சுடுங்க."

தட்டு கீழே விழவில்லை. சின்னவள் அதை மெதுவாக மேடையில் வைத்தாள், பழைய கோட்டுக்கு அந்தப் பக்கம்.

பெரியவள் போனை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குச் செவ்வாக்கெழம" என்றாள், வாளியிடம் அல்ல. "தண்ணி நல்லா சூடா இருக்கணும். போன தடவ ஆறிப்போச்சு."